மன்னாரில் எத்தனை பெஸ்தானாக்கள்?

மன்னாரில் நான் முதலில் வாசித்தது வீட்டு கேட்டுகளை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கேட்டைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். குடும்பப் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்காத வீடு குறைவு. என் அண்ணன் வீட்டில் கறுப்பு கிரானைட்டில் பொன்னெழுத்து: 'பெஸ்தானா இல்லம்'. மன்னார்ப் பட்டினத்தில் ஒரு மணி நேரம் நடந்தேன். நான்கு கேட்டுகளில் 'நாய் கவனம்' என்று இருந்தது. ஒன்றில் வாகனம் நிறுத்தாதீர்கள் என்ற வேண்டுகோள். குடும்பப் பெயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கேட்டுகளுக்கு வெளியே, நடுச்சாலையில், ஏழெட்டுக் கழுதைகள் நின்றன. என்னைத் தேடி வந்த ஆட்டோ அவற்றுக்காகக் காத்திருந்தது. ஓட்டுநர் நஸீர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"மன்னாரில இவைக்கு மட்டும்தான் அக்கா காணி உறுதி தேவையில்லை," என்றார். "எங்க படுத்தாலும் சொந்தக் காணி."

நஸீருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, வளர்ந்து, திரும்பி வந்தவர். தகப்பனுடைய நிலத்தின் உறுதிப் பத்திரத்தைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கதையை அடுத்த சில நாட்களில் தவணை முறையில் எனக்குச் சொன்னார்.

நான் வந்த காரியமும் காகிதம் தேடும் காரியம்தான். அண்ணன் மகள் ரெனிட்டா தோஹாவில் செவிலியர். அங்கே ஒரு பொறியாளரை விரும்புகிறாள். தமிழன், கத்தோலிக்கன், குடிப்பதில்லை. அண்ணனுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை, பையனின் முழுப் பெயரைக் கேட்கும் வரை. அன்ரன் நிரோஷன் பெஸ்தானா. ஊர், மன்னார்த் தீவில் தோட்டவெளி.

எங்கள் கணக்கில் குடும்பப் பெயர் ஒன்றென்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. ஃபெர்னாண்டோவும் ஃபெர்னாண்டோவும் கட்டிக்கொள்வதுண்டு. ஊருக்கு ஊர் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் நோண்டிப் பார்ப்பதில்லை. பெஸ்தானாவுக்கு அந்த வசதி கிடையாது. தூத்துக்குடியில் இன்று இரண்டே வீடு: அண்ணன் வீடு, என் வீடு. மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் தகப்பன் சவரி பெஸ்தானா மன்னாரிலிருந்து தோணியில் வந்து இறங்கினார் என்பது மட்டும் வீட்டில் தெரியும். யார் மகன், ஏன் வந்தார், ஒன்றும் தெரியாது.

"மன்னார்ல இருந்து வந்த பெஸ்தானாவும் மன்னார்லயே இருக்க பெஸ்தானாவும் வேற வேறயா இருக்குமா?" என்றார் அண்ணன். "ஏட்டி ஸ்டெல்லா, முப்பது வருசம் பத்திரிகையில அடுத்தவன் எழுதுனதத் திருத்துன. போயி இதத் திருத்திட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்க் கோவில்களிலும் முதல் ஓலை வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். நான் மன்னாரில் இறங்கியது செவ்வாய். சனிக்கிழமைக்குள் ஆகும் அல்லது ஆகாது என்று அண்ணனுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும்.

பெயரைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். போர்த்துக்கீசியச் சொல். கண்ணிமை மயிர் என்று பொருள் என்பதை எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர் சொன்னார். எங்கள் கடற்கரைக்கு இந்தப் பெயர்களெல்லாம் ஞானஸ்நானத் தண்ணீரோடு வந்தவை. அது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரும் செய்தி. ஆனால் பல தலைமுறை புழங்கிய பிறகு பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது ரத்தம் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படி நினைத்துத்தான் கிளம்பினேன்.

புதன்கிழமை காலை தோட்டவெளி. பனை, மணல், ஓயாத காற்று. நிரோஷனின் தாய் திரேசம்மா படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, என்னைவிட உரத்த குரல்.

"வாங்கோ, வாங்கோ. வெயிலுக்கை நிக்காதேங்கோ. நஸீர், நீரும் வாரும், ஓட்டோவை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினம்."

கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இடியப்பம் வந்தது. கூடவே சொதி, சம்பல், கணவாய்க் கறி. எங்கள் பக்கம் மீன் குழம்புக்குத் தேங்காயை அரைத்து ஊற்றுவோம். இங்கே பால் பிழிந்து ஊற்றுகிறார்கள். கணவாய் பல்லுக்கு வேலை வைக்காமல் போய்விட்டது. மூன்றாவது முறை இடியப்பம் வைக்க வந்தவரின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, கேள்வியைத் தொடங்கினேன்.

"உங்கள் கணவர் பெயர்?"

"மரியதாஸ். செத்து ஆறு வருசம்."

"மரியதாஸ் பெஸ்தானாவா?"

திரேசம்மா கறிச் சட்டியை மூடினார். "மரியதாஸ்."

இது எனக்குப் புதிதில்லை. நிரோஷனின் பிறப்புச் சான்றிதழை ரெனிட்டா முன்பே அனுப்பியிருந்தாள். தகப்பன் இடத்தில் யோசேப்பு மரியதாஸ் என்று இருந்தது. அண்ணன் அதை ஏற்கவில்லை. "நம்ம அப்பா ரேஷன் கார்டுலயும் வெறும் ஜோசப்புதான்" என்றுவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இங்கே தகப்பன் பெயர் மகனுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. மகன் பெயர் பேரனுக்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் வால் மாறுகிறது. பழைய குடும்பப் பெயர் இடையில் நழுவியிருக்கலாம்.

வேறு யார் யாருக்கு பெஸ்தானா என்ற பெயர் இருக்கிறது என்று கேட்டேன். திரேசம்மா விரல் மடக்கினார். பேசாலையில் ஒரு பெடியன், இப்போது கனடா. தலைமன்னாரில் ஒரு ஆசிரியை. பட்டினத்தில் வங்கியில் ஒருவர். அடம்பனில் இருவர், வேறு வேறு வீடு. கொண்டச்சியில் சந்தியோகு என்ற பெரியவர். பிறகு நிரோஷன்.

"இவர்கள் உங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டும் இல்லை."

"அவர்களுக்குள்?"

"அதுவும் இல்லை."

குறிப்பேட்டில் எழுதிவிட்டு நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஏழு பேர், ஏழு வீடு. ஒரு வீட்டில் இரண்டு பெஸ்தானா எங்கும் இல்லை. தகப்பனும் மகனும் பெஸ்தானாவாக எங்கும் இல்லை. குடும்பப் பெயர் என்கிறோம். ஒரு குடும்பத்திலும் அது குடும்பமாக இல்லை. பத்திரிகையில் என் மேசைக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் நிருபரைக் கூப்பிட்டு மறுபடி விசாரிக்கச் சொல்வேன்.

"மரியதாஸுடைய மகன்தானே நிரோஷன்?" என்று கேட்டேன். சரிபார்ப்பதற்காகக் கேட்கும் சாதாரணக் கேள்வி.

திரேசம்மா தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து கோப்பையை நீட்டும்போது, "புத்தகத்தைப் பாருங்கோ" என்றார்.

"எந்தப் புத்தகம்?"

"ஞானஸ்நானப் புத்தகம். இடம்பெயர்ந்து இருக்கேக்கை பிறந்தவன். நானாட்டான் பக்கம் ஒரு கோவில்ல கிடக்கு."

"நீங்களே சொல்லலாமே."

"நான் சொல்லேலாது."

"தெரியாதா?"

"தெரியும். சொல்லேலாது. இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டோ?"

கருத்துக் கூற மறுத்தவர்கள் பலரை என் வேலையில் பார்த்திருக்கிறேன். தெரியும் என்று ஒப்புக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பாடும் போட்டுவிட்டு மறுத்தவர் இவர் ஒருவர்தான்.

நானாட்டான் பக்கத்துக் கோவிலில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். வியாழன் சும்மா கிடந்தது. கொண்டச்சிப் பெரியவர் பெரியப்பா முறை, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் தனக்குச் சட்டைத்துணி அனுப்புவார் என்று நிரோஷன் ரெனிட்டாவிடம் சொல்லியிருந்தான். அண்ணனின் பயத்துக்குப் பாதிக் காரணமே அந்தச் சட்டைத்துணிதான். தெற்கே, கொண்டச்சி இருக்கும் முசலிப் பக்கம் கிளம்பினோம்.

தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடக்கும்போது காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. பெருநிலத்தில் சற்றுத் தூரம் போனதும் வண்டி கனைத்து நின்றது. கிளச் கேபிள் அறுந்துவிட்டது. நஸீர் கம்பித் துண்டு ஒன்றைத் தேடி வேலிகளை ஆராயத் தொடங்கினார். நான் எதிரே இருந்த கடையில் பிளேன்ரீயும், பணிசு என்று இங்கே சொல்லும் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பணிசை வெறுமையாகச் சாப்பிட்ட என்னைக் கடைக்காரப் பெண் பரிதாபமாகப் பார்த்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் தந்தார். இந்தியாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சீரியல்களில் பெண்கள் படுக்கைக்கும் பட்டுச்சேலையோடு போவது உண்மைதானா என்று அடுத்த கேள்வி வந்தது. மறுத்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கொண்டச்சியில் சந்தியோகுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. அவரோடு பேசத் தொடங்கக் கால் மணி நேரம் ஆனது. முருங்கை மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டுமாம். மை காயும் வரை வாய் திறக்க முடியாது என்று சைகை காட்டி எங்களை உட்காரவைத்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். படகோட்டியின் தோள்கள். தலை முழு வெள்ளை. மீசை மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.

வாய் திறந்ததும் ஊரையும் பெயரையும் சொன்னேன். பெஸ்தானா என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோட்டவெளி நிரோஷன் உங்களுக்கு என்ன முறை?"

"என்ர பிள்ளை."

"தம்பி மகனா?"

"என்ர பிள்ளையெண்டு சொல்லுறன். மகன்."

"மரியதாஸ்?"

"என்ர கூட்டாளி. தங்கமான மனிசன்."

நஸீர் தன் நகங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். நான் பேச்சை மாற்றி, அவருடைய மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். ஆறு பேர். ஒருவர்கூடத் தவறாமல் உயிரோடு இருப்பதைப் பெருமையாகச் சொன்னார். மூத்தவள் ஜெர்மனி, கடைசி கொழும்பு. பெயர்களை எழுதிக்கொண்டேன். ஆறு பேருக்கும் பின்னால் சந்தியோகு என்றுதான் இருந்தது.

"ஒருவருக்கும் பெஸ்தானா இல்லையா?"

"அவையள் என்ர பிள்ளையள். அவைக்கு என்ர பேர். அதுதானே வழமை?"

"நிரோஷனும் உங்கள் பிள்ளை என்றீர்களே."

"ஓம். அவனுக்கு பெஸ்தானா."

சொல்லிவிட்டு மீசையைக் கண்ணாடியில் சரிபார்த்தார். அவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். திரேசம்மா தேத்தண்ணி போட எழுந்து போனது, தெரியும் ஆனால் சொல்ல முடியாது என்றது எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து விழுந்தன. ஒரு கண்ணியமான பெண்மணியின் பழைய ரகசியத்தில் கால் வைத்துவிட்டதாக நினைத்தேன். அண்ணனை அழைத்தேன். "பையன் பெஸ்தானாதான். ரத்தத்தில்" என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "சரி" என்றார். ஓலை வேண்டாம் என்று அவர் கோவிலுக்குச் சொல்லி முடித்தபோது நாங்கள் தாம்போதிக்கு வந்து சேரவில்லை.

தாம்போதியில் ரெனிட்டாவின் செய்தி வந்தது. ஒரே வரி. "அத்தை, எத்தனை பேர் சொன்னாங்க?"

பள்ளிக்கூடத்திலிருந்து அவள் வம்பு கொண்டுவரும்போதெல்லாம் நான் கேட்ட கேள்வி அது. ஒருவர் சொன்னால் வதந்தி, இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் செய்தி. சத்தமாக வாசித்திருக்கிறேன் போலும்.

"ஒராள்," என்றார் நஸீர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவும் மீசைக்கு மை பூசிக்கொண்டு."

வெள்ளிக்கிழமை நானாட்டான் பக்கம் போனோம். தீவின் மணலுக்குப் பிறகு இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். உழவு இயந்திரங்கள் சாலையின் நடுவே, கழுதைகளின் அதே உரிமையோடு, போய்க்கொண்டிருந்தன. கோவில் அலுவலகத்தில், அவர்கள் பேச்சில் கந்தோரில், எழுத்தர் றெஜினா எனக்காகப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கென்று தனிப் புத்தகம். அட்டை கரையானுக்குப் போய், உள்ளே தாள் தப்பியிருந்தது.

நிரோஷனின் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பிள்ளை: அன்ரன் நிரோஷன் பெஸ்தானா. தகப்பன்: யோசேப்பு மரியதாஸ். தாய்: திரேசம்மா. ஞானத்தகப்பன்: சந்தியோகு பெஸ்தானா. ஓரத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், நீல மையில் சாய்ந்த எழுத்து: 'முன் பிறந்த இரு பிள்ளைகள் காலமாயினர். ஞானத்தகப்பன் பேர் சூட்டப்பட்டது.'

இரண்டு முறை வாசித்தேன்.

"இது தெரியாதே உங்களுக்கு?" என்றார் றெஜினா. "பிள்ளையள் தங்காத வீட்டிலை அடுத்ததைப் பெத்தவை தங்கட பேரிலை விடாயினம். பிள்ளையள் எல்லாம் தப்பின ஒராளைப் பிடிச்சு, அவரின்ர கையிலை குடுத்து, அவர் தன்ர பிள்ளையெண்டு சொல்லி ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அவரின்ர வீட்டுப் பேர் பிள்ளைக்கு. சாவு பேரைக் கேட்டு வந்தாலும் வீடு தெரியாமத் திரும்பிப் போயிடும் எண்டு நம்பிக்கை."

"சந்தியோகு என்னிடமும் தன் பிள்ளை என்றுதான் சொன்னார்."

"சொல்லத்தானே வேணும்! ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்ல வேணும். பெத்த தாய் வாய் திறக்கக் கூடாது. பிள்ளையின்ர பேரையும் பெத்த தகப்பன்ர பேரையும் சேர்த்து ஒருத்தரும் சத்தமாச் சொல்லக் கூடாது. எழுதலாம், சொல்லக் கூடாது. கலியாணம் முடியிற மட்டும்."

"பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைக்கே தெரியாதா?"

"கலியாணத்தண்டு சொல்லுவினம்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். சந்தியோகு பெஸ்தானா என்ற ஞானத்தகப்பன் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு எதிரே திரும்பத் திரும்ப வந்தார். பேசாலைப் பெடியன், அடம்பனில் இருவர், வங்கிக்காரர். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதே சாய்ந்த எழுத்து, அதே குறிப்பு, எண் மட்டும் வேறு: முன் பிறந்த மூவர், முன் பிறந்த ஒருவர். திரேசம்மா விரல் மடக்கிச் சொன்ன பெயர்கள் தாளில் இருந்தன. தலைமன்னார் ஆசிரியை மட்டும் இல்லை. அவருடைய புத்தகம் வேறு கோவிலில் இருக்கலாம்.

"நீங்கள் மட்டும் எனக்குச் சொல்லிவிட்டீர்களே," என்றேன்.

"நான் பெத்தனானோ, பேர் குடுத்தனானோ? நான் கந்தோர்," என்றார் றெஜினா. "கந்தோர் சொன்னாச் சாவுக்குக் கேக்காது. ஆக்களுக்கே கேக்கிறேல்லை."

சவரி பெஸ்தானாவையும் தேடச் சொன்னேன். அவ்வளவு பழைய புத்தகம் அங்கே இல்லை. சில சண்டையில் போயின, சில மழையில் போயின என்றார்.

கந்தோர் வாசலில் நின்றே அண்ணனை அழைத்து, புத்தகத்தில் இருந்ததை வரி மாறாமல் வாசித்தேன். பையனுக்கும் நமக்கும் ரத்த உறவு இல்லை, நேற்று நான் சொன்னது தவறு என்றேன்.

"அப்போ அங்க பேரு வச்சிருக்கவன் எவனும் பெஸ்தானா இல்ல," என்றார்.

"இந்தப் புத்தகத்தில் இருப்பவர்கள்."

"நம்ம சவரி தாத்தா?"

"தெரியாது. புத்தகம் இல்லை."

"அவருக்கும் எவனோ குடுத்ததா இருந்தா?"

"இருக்கலாம்."

"வாசல்ல கல்லு வச்சிருக்கேனே, ஏட்டி."

"கல் இருக்கட்டும். இப்போது என்ன செய்யப் போகிறாய்?"

வழி அவர் முன்னால் தெளிவாகக் கிடந்தது. அந்தப் பெயர் ரத்தம்தான் என்று பிடிவாதமாக நின்றால் மகளுக்குக் கல்யாணம் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வேண்டுமென்றால் தன் கிரானைட் கல்லையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். அவர் இதை என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருப்பார்.

"சாமியார்கிட்டப் போயி நிக்கணும்," என்றார் கடைசியில். "நேத்து வேண்டாம்னேன், இன்னைக்கு வாசிங்கன்னா என்ன நெனைப்பாரு? சரி, போறேன்."

ரெனிட்டாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "திருத்தம். நேற்றைய செய்தி தவறு. உங்களுக்குள் உறவில்லை. மன உளைச்சலுக்கு வருந்துகிறேன்." உடனே பதில் வந்தது: "மொதல் பக்கத்துல போடுங்க." பின்னாலேயே அழுகிற முகங்கள் ஒரு வரிசை. காரணத்தை அவளுக்கு நான் எழுதவில்லை. கல்யாண நாள் வரை அது திரேசம்மாவின் பொறுப்பு. அண்ணனிடமும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பட்டினத்துச் சந்தையில் கருவாடும் பனங்கட்டியும் வாங்கினேன். நஸீர் மனைவி செய்த தொதல் இனிப்பை விலை கொடுத்து வாங்கப் போய்த் திட்டு வாங்கினேன்.

ஞாயிறு காலை தோட்டவெளிக் கோவிலுக்குப் பூசைக்கு முன்பே போய்விட்டேன். சந்தியோகு முதல் பேருந்தில் வந்திருந்தார். மீசை இன்னும் கறுப்பு. பேர் கொடுத்தவர் ஓலை வாசிக்கும்போது கோவிலில் இருக்க வேண்டுமாம்.

"என்னோடை கோவமோ பிள்ளை?" என்றார்.

"பொய் சொல்லிவிட்டீர்கள்."

"பொய் எங்கை? என்ர பிள்ளையெண்டு கடவுளிட்டைச் சொல்லித்தானே தூக்கினனான். உங்களிட்டை மாத்திச் சொல்ல ஏலுமே?"

சவரியைப் பற்றிக் கேட்டேன். தூத்துக்குடிக்குப் போனவர் யாரையும் அவர் கேள்விப்பட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவ்வளவு காலமும் பேரைப் பத்திரமா வைச்சிருக்கிறியள். அப்ப அது குடுத்த பேராத்தான் இருக்கும்," என்றார். "என்ர வீட்டைப் பாருங்கோ. சொந்தப் பேர், ஒருத்தரும் கொண்டு திரியேல்லை."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒருவர் கூற்று, உறுதிப்படுத்தப்படவில்லை.

பூசையில் திரேசம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். புதன்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். "பாத்தியளோ?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். நற்கருணைக்குப் பிறகு சாமியார் ஒரு தாளை எடுத்தார். திரேசம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தோட்டவெளியைச் சேர்ந்த காலஞ்சென்ற யோசேப்பு மரியதாஸ், திரேசம்மா ஆகியோரின் மகன் அன்ரன் நிரோஷன் பெஸ்தானாவுக்கும்..."

மணிக்கட்டில் நகம் பதிந்தது. தகப்பன் பெயரும் மகன் பெயரும் சேர்ந்து, கல்யாணத்துக்கு முன்பே, ஒரே மூச்சில், ஒலிபெருக்கியில், ஊர் கேட்க வந்துவிட்டன. அடுத்து என் அண்ணன் பெயரும் ரெனிட்டாவின் பெயரும் வந்தன. முன்வரிசையில் யாரோ திரும்பிச் சிரித்தார்கள். திரேசம்மா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. இறுதி ஆசீர் முடிவதற்குள் எழுந்து வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கோவில் சுவரோரம் நிழலில் நின்று தொலைபேசியை எடுத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். தோஹாவில் விடிந்து வெகுநேரம் ஆகியிருக்காது. மணி அடிப்பது எனக்கே கேட்டது. ஐந்து, ஆறு.

"தம்பி? எங்கை நிக்கிறாய்?"

பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே நிரோஷனின் குரல் கேட்டது. "சைட்டுக்குப் போற பஸ்ஸிலை அம்மா. என்ன, ஓலை வாசிச்சாச்சே?"

"ஓம். சாப்பிட்டியே?"

"இந்த நேரத்திலை என்ன சாப்பாடு? என்னம்மா, ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. சும்மா எடுத்தனான்."

"சரி, வைக்கட்டே?"

"வையாதை," என்றார் திரேசம்மா. "பஸ்ஸால இறங்கு. இறங்கினாப் பிறகு வை."

"அரை மணித்தியாலம் கிடக்கு அம்மா."

"கிடக்கட்டும்."

சந்தியோகு வந்து எங்களோடு நின்றார். கோவிலிலிருந்து வெளியே வந்தவர்கள் வாழ்த்துச் சொல்லத் திரேசம்மாவை நெருங்கினார்கள். அவர் ஒரு கையை உயர்த்தி அவர்களைத் தள்ளியே நிறுத்தினார். மறு கையால் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசாமல், அந்தப் பேருந்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.